மூன்றாவது வரி

அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டுத்தான் அவன் மவுஸைத் தொட்டான்.

அவள் உடனே அடுக்களைக்குப் போகவில்லை. கதவோரம் நின்றாள்.

எதிர்ச் சுவரில் கணவரின் படம். அதன் கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது.

புது விண்டோஸ் போடும் முன், பழையதில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டுத் திரையில் மூன்று வரிகள்.

எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது முதல் வரி. கோப்புகள் மட்டும் போதும் என்பது இரண்டாவது. எதுவும் வேண்டாம் என்பது மூன்றாவது. நேற்று அவளே தனியாக அந்தப் பக்கம் வரை போய், படித்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் வெளியே வந்திருந்தாள்.

கண்ணாடியில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். வரிசை மாறாது.

அம்புக்குறி முதல் வரியைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது.

மூன்றாவதில் நின்றது.

அவள் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஒண்ணும் போயிடாதே தம்பி? அண்ணன் வெச்சது வெச்சபடி இருக்கணும்."

"நான் இருக்கேன்ல அண்ணி. ஒரு எழுத்துகூடப் போகாது."

தயாளன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

கணவர் பொதுப்பணித் துறையில் சர்வேயராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு பதினோரு வருடம் ஏரி ஏரியாக நடந்தார். கரையை அளந்தார், மதகை அளந்தார், திரும்பி வந்து இந்த மேசையில் உட்கார்ந்து எழுதினார். முப்பத்தெட்டாவது ஏரியை எழுதி முடித்த மாதம் மாரடைப்பு.

காரியத்துக்கு வந்த தயாளன், பிழை திருத்தித் தருகிறேன் என்று பென் டிரைவில் எல்லாவற்றையும் எடுத்துப் போனான். அண்ணன் அண்ணன் என்று அவர் பின்னாலேயே சுற்றியவன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துப் புத்தகம் வந்தது.

அட்டையில் அவன் பெயர்.

கடையில் வாங்கி முதலிலிருந்து படித்தாள். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இடுப்பளவு சேற்றில் இறங்கி, டேப்பின் மறுமுனையை என் மனைவி பிடித்துக்கொண்டாள்.'

தயாளனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

நாலு நாள் அந்த ஒரு வரியையே படித்தாள். ஐந்தாம் நாள் போன் செய்தாள்.

"கம்ப்யூட்டர் பழசாயிடுச்சாம் தம்பி. புது விண்டோஸ் போடணுங்கறாங்க. அண்ணன் எழுதினது பூரா தேதியோட அதுலதான் கிடக்கு. எனக்கு என்ன தெரியும்?"

அன்று சரஸ்வதி பூஜை. விடுமுறை நாள். அரைமணி நேரத்தில் வாசலில் நின்றான்.

திரையின் மேல் விளிம்பில் காலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவள் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னிக்கு இதையெல்லாம் தொடக் கூடாதும்பாங்க தம்பி."

"கம்ப்யூட்டர் என்ன புத்தகமா அண்ணி?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அது அவள் கொடுத்த முதல் வாய்ப்பு. தண்ணீர்ச் செம்போடு வந்து கேட்டது இரண்டாவது.

திரையில் சதவிகிதம் ஏறியது. இருபது. நாற்பத்தேழு. அவன் சுண்டல் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டான்.

போட்டாள்.

பூஜை அலமாரியில் புத்தகக் கட்டு இருந்தது. பட்டுத் துணியில் சுற்றி, நாலு முனையையும் சேர்த்து முடிந்த கட்டு. கணவருக்கு ஒரு பழக்கம். வருடந்தோறும் பூஜைக்கு முந்தின நாள், எழுதியதையெல்லாம் உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்கில் நகலெடுப்பார். அதற்கும் ஒரு பொட்டு வைத்து, புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக் கட்டுவார். போன வருடம் தீட்டு. பூஜை இல்லை.

இந்த வருடம் அவள் நகலெடுத்து, நடுவில் வைத்துக் கட்டினாள்.

நூறு.

அப்போதும் அவன் எழவில்லை. பழைய விண்டோஸ் என்று ஒரு கோப்புறை மிச்சம் இருந்தது. அதையும் தேடிப் பிடித்துத் துடைத்தான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பினான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. டிஸ்க்கு ரொம்பப் பழசு. தாங்கல. எல்லாம் போயிடுச்சு."

அவன் கண்கூடக் கலங்கியிருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். பார்வை மங்கிய பிறகு கணவர் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்துகள் எறும்பு போலச் சுருங்கிக் கிடந்தன. பின்னால் இருந்த ஏரிக்கரைப் படம் இல்லை. ஏதோ ஒரு நீலப் பூ.

அந்த ஏரிக்கரைப் படத்தை நகலெடுக்க அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழப்போகிறாள் என்று அவன் நினைத்திருக்கலாம்.

"போனா போகுது தம்பி. நாளைக்கு விஜயதசமி. காலையில மறுபூஜை பண்ணி, கட்டைப் பிரிக்கணும். நீங்க வரணும்."

"நானா அண்ணி?"

"உங்க பதிப்பாளரையும் கூப்பிட்டிருக்கேன். உங்களுக்கு ஏரி காட்டின அண்ணன் வீட்டைப் பாக்கணும்னாரு. அவர் முன்னாடி நீங்களே உங்க கையால பிரிங்க. அண்ணனுக்கு வேற யாரு இருக்கா?"

அவன் முகம் மலர்ந்தது. செருப்பு மாட்டப் போனவன் திரும்பி வந்து அலமாரியின் முன் நின்றான். கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவன் போன பிறகு அவள் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.