கூப்பிட்ட பிறகு வா

"யம்மா, நீ இப்போ உள்ளே வராதே. நான் கூப்பிட்ட பிறகு வா."

லாமியா கதவைச் சாத்திக்கொண்டாள்.

கான்ஸ்டன்டீன் பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில், பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மக்ரூத் இனிப்பு இரண்டு தட்டோடு ஸுலீகா நின்றாள். மகள் தன் ஆய்வைத் தேர்வாளர்கள் முன் வாதாடிப் பட்டம் வாங்கப்போகிற நாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் லாமியாதான். இந்த மாதிரி நாளில் சொந்தபந்தம் இனிப்போடு வந்து உட்கார்ந்து கேட்பதுதான் ஊர் வழக்கம்.

தங்கை வர்தாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கேட்டியா அக்கா? குண்டானவங்களைக் கேவலமா நடத்தக்கூடாதுன்னு நூறு பக்கம் எழுதியிருக்கா. பெத்தவளை மட்டும் வெளியே நிறுத்துறா!"

"ஏதாவது வேலை இருக்கும்டி."

"என்ன வேலை? உன் உடம்பைப் பார்த்து வாத்தியாருங்க சிரிப்பாங்கன்னு பயம் மகாராணிக்கு."

மூன்று பேராசிரியர்கள் உள்ளே போனார்கள். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

அந்தப் பக்கமாக வந்த மாணவன் ஒருவன் தட்டுகளைப் பார்த்தான், பிறகு ஸுலீகாவைப் பார்த்தான். "சீக்கிரம் உள்ளே வாங்கி வைங்கடா, நமக்கு மிஞ்சாது" என்றான். கூட வந்தவன் சிரித்தான்.

விடியுமுன் எழுந்து சுட்ட நூற்றிருபதில் ஸுலீகா ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. ஐந்தைத் தின்றது ஒல்லி வர்தா.

"இந்தா, தட்டைப் பிடி. நீயே கொடுத்துடு" என்றாள் ஸுலீகா. "நான் வீட்டுக்குப் போறேன். என்னால அவளுக்குத் தலைகுனிவு வேண்டாம்."

கதவு திறந்தது.

லாமியாவின் முகமெல்லாம் வேர்வை. புது உடுப்பில் திட்டுத்திட்டாகத் தூசி. "எங்கே கிளம்பிட்டே யம்மா? வா, முன்வரிசை!"

ஸுலீகாவுக்குக் கால் எழவில்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் பட்டம் வாங்கியதும் இதே அறையில்தான். இரண்டு பக்கமும் இரும்புக் கை வைத்த குறுகல் நாற்காலிகள். 'முட்டிவலி, உட்கார முடியலை' என்று பொய் சொல்லி, இரண்டு மணி நேரம் சுவரோரம் நின்றாள். இன்று மகள் தனக்கென்று தனியாக ஓர் அகல நாற்காலி போட்டு வைத்திருந்தால்? எல்லோரும் அதையே பார்ப்பார்களே!

தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தனி நாற்காலி எதுவும் இல்லை. அறையில் நாற்காலியே இல்லை. முன்வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் நீளநீளமான பெஞ்சுகள்.

தேர்வாளர்களும் ஒரு பெஞ்சில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்தார்.

"வாங்கம்மா. காலையிலேருந்து அறுபது நாற்காலியை ஒத்தை ஆளா பின்வாசல் வழியா வெளியே தூக்கிப் போட்டுட்டு, பெஞ்சுகளை உள்ளே இழுத்துப் போட்டிருக்கா உங்க பொண்ணு. 'எங்கம்மா உட்கார முடியாத அறையில நான் வாயைத் திறக்க மாட்டேன்'ங்கிறா. நீங்க உட்கார்ந்தாதான் பரீட்சையே ஆரம்பம்!"