கூலிக்காரன் பிள்ளை

போட்டிருந்த சேட்டின் தோள்மூட்டில் பிளேட்டை வைத்து ஒரே இழுப்பில் கிழித்தார் பரமேஸ்வரன். கிழிசல் காணாது என்று பட்டது. விரலை விட்டு இன்னும் கொஞ்சம் அகட்டினார்.

"அப்பா, அது தீபாவளிக்கு எடுத்த சேட்" என்றாள் மகள் யதுர்ஷிகா.

"தெரியும். கிழிஞ்சதைப் போட்டுக்கொண்டு வர மறந்துபோனன்."

கிளிநொச்சி மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கியின் மறைவில் இரண்டு பேரும் நின்றார்கள். மோட்டார் சைக்கிளைச் சந்தையடியில் விட்டுவிட்டு, வேர்க்கட்டும் என்று வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள்.

நோர்வேயில் இருக்கிற எங்கட ஆட்கள் நடத்தும் நிதியம் ஒன்று, பல்கலைக்கழகம் போகும் பிள்ளை ஒன்றின் முழுப் படிப்புச் செலவையும் ஏற்கப்போகிறதாம். அதற்கு இன்றைக்கு நேர்முகம். யதுர்ஷிகாவுக்கு மொறட்டுவையில் பொறியியல் கிடைத்திருந்தது. நிதி கிடைக்காவிட்டால் உழவு இயந்திரத்தை விற்றுத்தான் அவளை அனுப்பவேண்டும்.

"திறமையைப் பாத்துக் குடுக்கிறதெண்டுதானே சொன்னவை. என்ர மாக்ஸ் காணும், அப்பா."

"மாக்ஸைப் பாத்து ஆரும் காசு குடுத்ததை நான் காணேல்லை. நாங்கள் அழுதாத்தான் வெளிநாட்டுக்காரனுக்கு அங்க நித்திரை வரும். உள்ளுக்குப் போனா நீ வாயைத் திறவாதை."

"வயலைப் பற்றிக் கேட்டா?"

"வயலோ? அது எங்கட பேரிலயே கிடக்கு? ஆரோ விட்டிட்டுப் போன காணியில விதைக்கிறம். வயல் இல்லை, கூலி வேலை எண்டு சொல்லுறன். யோசிச்சுப் பார், அதில பொய்யும் இல்லை."

மண்டபத்து வாசலில் 'திறமைக்கு மகுடம்' என்று பெரிய பதாகை கட்டியிருந்தது. அதன் கீழே இருந்த பெற்றோரைப் பார்த்தால், நேற்றுத்தான் அகதி முகாமிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டது போல இருந்தது. கட்டட வேலை எடுத்துச் செய்து, கண்டாவளையில் தனக்கு மாடிவீடும் கட்டிய கொந்தராத்துக்காரர் நிஷாந்தன், ஆரிடமோ இரவல் வாங்கிய தேய்ந்த றப்பர் செருப்போடு இருந்தார். பக்கத்தில் மனைவி. கழுத்தில் மஞ்சள் கயிறு. தாலிக்கொடி கிடந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

"நீங்களும் வந்தனீங்களோ, பரமேஸ்வரண்ணை?"

"என்ன செய்யிறது, தம்பி. கஷ்டம்."

"ஓம், ஓம். எங்கட ஊருக்கு இந்தக் கிழமைதான் கஷ்டம் வந்தது" என்றார் நிஷாந்தன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நிஷாந்தனின் மகனை முதலில் கூப்பிட்டார்கள். தகப்பனும் கூடப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அடுத்தது யதுர்ஷிகா. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நோர்வேயிலிருந்து வந்திருந்த நிதியத் தலைவர். ஒரு பக்கம் இளைப்பாறிய அதிபர் அருந்ததி ரீச்சர், மற்றப் பக்கம் ஒரு வங்கி மனேச்சர்.

தலைவர் அவளிடம் கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் டக்கென்று பதில் சொன்னாள். வாயைத் திறவாதே என்றல்லவா சொன்னது என்று பரமேஸ்வரன் இருமினார்.

"ஐயா என்ன தொழில்?" தலைவர் அவர் பக்கம் திரும்பினார்.

"கூலி வேலை, ஐயா. ஆரும் கூப்பிட்டா அடுப்பெரியும். கூப்பிடாட்டித் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கிறது."

அருந்ததி ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வாய்க்கால் கரையில, மருதமரத்தடி வயல் முழுக்க நீங்கள்தான் விதைக்கிறதெண்டு ஒரு கதை இருக்கே. நெல்லும் வெட்டுப் பருவத்தில நிக்குதாம்."

நிஷாந்தன் கண்ணைத் துடைத்ததோடு நிற்கவில்லை என்று பரமேஸ்வரனுக்கு விளங்கியது. "எரிச்சல் பிடிச்சதுகள் சொல்லுதுகள், ரீச்சர். அதை நீங்கள் நம்பிறீங்களோ?"

தலைவர் முன்னுக்குச் சாய்ந்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்த வயல் உங்கட இல்லையோ?"

"இல்லை, ஐயா."

"குத்தகைக்கும் செய்யேல்லையோ?"

பரமேஸ்வரன் மகளின் உச்சந்தலையில் கையை வைத்தார். "இந்தப் பிள்ளையாணைச் சொல்லுறன். அந்த வயலுக்கை நான் ஒரு நாளும் கால் வைச்சதில்லை. அதில நிக்கிற நெல்லில ஒரு மணியும் எனக்குச் சொந்தமில்லை."

யதுர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரீச்சர், மனேச்சர், ரெண்டு பேரும் கேட்டனீங்கள்தானே?" என்றார் தலைவர். கேட்டோம் என்று இருவரும் தலையாட்டினார்கள். படித்த ஆட்களை மடக்குவது இவ்வளவு லேசா என்று பரமேஸ்வரனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி, பிள்ளைக்குத்தான் நிதி. அது மாக்ஸைப் பாத்துப் போன கிழமையே முடிவெடுத்தது. இண்டைக்கு எல்லாரையும் கூப்பிட்டது ஆக்களை நேரில பாக்கத்தான்."

பரமேஸ்வரனுக்கு இந்த முறை உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. எழுந்து கைகூப்பினார். உழவு இயந்திரம் தப்பியது.

தலைவர் கதிரையைத் தள்ளிவிட்டு வாசல்வரை கூடவே வந்தார். பரமேஸ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடவில்லை.

"அந்த வயல் என்ர அப்பா விட்டிட்டுப் போனது, நாளைக்கு வெட்டுறன், கூலிக்கு வாறீங்களோ?"