ஆளுக்கொரு துண்டு

"இந்தத் தடவை ஒரே ஒரு நாற்காலி உடைந்தாலும் சரி, அடுத்த வருடம் கபடிப் போட்டியே கிடையாது" என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சவரியார் நாற்காலிகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். கதிரொளி கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவர். வெண்ணந்தூர்ச் சாலையில் முள்காடாகக் கிடந்த இடத்தை மைதானமாக்கி, பதினோரு வருடமாக அவர் கட்டிக் காத்த போட்டி அது. விளையாடுகிறவர்கள் கை குலுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். போன வருடம் பொன்மலர் கல்லூரி ரசிகர்களோடு நடந்த மோதலில் சேதம், பதினாறு நாற்காலி, இரண்டு மூக்கு.

இந்த வருட இறுதிப் போட்டியும் அதே பொன்மலரோடுதான்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில், வாசலில் ஒரு மினி வேனிலிருந்து பத்து இளைஞர்கள் இரண்டு பெரிய மூட்டைகளை இறக்கினார்கள். சவரியார் ஓடிப்போய் மறித்தார். உருட்டுக்கட்டையா, சைக்கிள் செயினா?

"துண்டுங்க சார்" என்றான் முன்னால் நின்றவன். நெற்றியில் திருநீறு, இஸ்திரி கலையாத சட்டை. "ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு காலேஜுக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் போத்தி உடட்டுமுங்க. எங்கூட்டுத் தறியில ஓட்டுனதுதானுங்க. மருவாதி பண்ணிக்கிட்டா சண்டை எங்கீங்க வரும்?"

சவரியார் நம்பவில்லை. மூட்டையை அவிழ்த்து அடிவரை துழாவினார். துண்டு, துண்டு, அதற்கடியில் மறுபடியும் துண்டு. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. பொன்மலர்ப் பையனாகத்தான் இருக்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு இந்தப் பண்பு ஏது என்று பெருமூச்சு விட்டார்.

கடைசி நிமிடத்தில் ஆட்டம் கைமாறியது. முப்பத்தொன்றுக்கு முப்பது. ஒரே ஒரு புள்ளியில் கதிரொளி தோற்றது.

கூட்டத்தில் நான்கைந்து நாற்காலிகள் தலைக்கு மேலே எழுந்தன. பதினோரு வருட உழைப்பும் போச்சு என்று சவரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணா! அடிக்கற கையில துண்ட எடுங்கண்ணா!" மைக்கில் அதே திருநீற்றுப் பையனின் குரல். "செல்போனப் பையில போட்டுட்டு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிங்க! போட்டோ அப்பறம் எடுத்துக்கலாமுங்க!"

பத்துப் பேரும் துண்டுகளோடு கூட்டத்துக்குள் புகுந்தார்கள். தூக்கிய நாற்காலியை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவன் தோளில் ஒரு துண்டு விழுந்தது. அவன் நாற்காலியைப் பூப்போலக் கீழே வைத்தான். போன வருடம் மூக்கு உடைந்தவனும் உடைத்தவனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். துண்டு கொண்டுவந்த பையன்களும் ஆளாளுக்கு நடுவில் புகுந்து அணைத்துச் சேர்த்து வைத்தார்கள். சவரியாரையும் அந்தத் திருநீற்றுப் பையன் இறுக்கிக் கட்டிப்பிடித்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வேன் புறப்பட்டுப் போன பிறகு, பொன்மலரின் உடற்கல்வி இயக்குநர் மருதாசலம் தோளில் துண்டோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோத்தும் இப்படி ஒரு மனசுங்களா! உங்க பையன் தங்கமுங்க, சார்."

"எங்க பையனா?" சவரியார் சிரித்தார். "உங்க காலேஜுப் பையன்னுல்லங்க நான் நெனச்சேன்!"

"எங்க காலேஜா? நான் அவன இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

சவரியாரின் சிரிப்பு நின்றது. முதல்வருக்கு நல்ல சேதி சொல்வதற்காகப் பைக்குள் போன கை, உள்ளேயே தங்கிவிட்டது. மருதாசலமும் பையைத் தடவிப் பார்த்தார். மைதானம் முழுக்க எல்லோரும் தடவிக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் சொன்னபடியே அத்தனை நாற்காலியும் முழுசாக இருந்தது. செல்போன்தான் ஒருவர் பையிலும் இல்லை.