வெட்டிக்கொண்டவள்

"அடுத்த மாசத்துக்குள்ள தழும்பு தெரியாம போயிடுமா சிஸ்டர்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. மெலியும், நிறம் மங்கும். சுத்தமா போகாது. டாக்டர் முதல் நாளே சொல்லியிருப்பாரே," என்றாள் நர்ஸ்.

பேசிக்கொண்டே, கட்டிலில் படுத்திருந்தவளின் கையில் குத்தி ரத்தம் எடுத்தாள். குழாய்களை இயந்திரத்தில் எதிரெதிராகப் பொருத்தி மூடினாள். அது மிக்ஸி போல உறுமிக்கொண்டு சுற்றியது. சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை ஊசியில் எடுத்து, சிசேரியன் தழும்பை ஒட்டி டாக்டர் வரிசையாகக் குத்துவார். சொந்த ரத்தமே மருந்து.

மரத்துப்போகும் களிம்பைத் தழும்பின் மேல் தடவக் குனிந்தபோது நர்ஸின் வயிறு கட்டிலில் இடித்தது. நிறைமாதம்.

"வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப மாமியார்."

"யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பிடிக்கல."

பிடிக்காதது தழும்பு மட்டுமில்லை. வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போய், கணவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடிய அன்று, கத்தி வைப்பதற்கு முன் பிரசவ டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றுதான். 'முடிஞ்சவரை கீழே வெட்டுங்க, வெளிய தெரியக் கூடாது.' குழந்தை பிழைக்குமா என்று கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் வெள்ளிக்கிழமை வெட்டணுங்கறாங்கக்கா. குழந்தை தலை திரும்பாம உட்கார்ந்திருக்கு. தண்ணி வேற வத்திக்கிட்டு வருதாம். நான் முடியாதுன்னுட்டேன்."

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "நர்ஸா இருந்துக்கிட்டு இப்படிப் பேசுறீங்களே."

"நான் தோல் டாக்டர்கிட்ட நர்ஸு. பருவும் பொடுகும்தான் தெரியும்." சிரித்தாள். "பிரசவத்துக்கு எனக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. போன்ல குரூப் நடத்துறாங்க. முகம் காட்டினதில்ல, குரல் கேட்டதில்ல, எல்லாம் எழுத்துதான். கத்தி வேணாம், பொறுமை போதும்பாங்க. அவங்களே வீட்டுலதான் பெத்தாங்க. வயித்துல ஒரு கீறல் கிடையாது."

"பார்த்தீங்களா?"

"எழுதியிருந்தாங்க."

"டாக்டர் சொல்றதைக் கேளுங்க. குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்."

"கோவிச்சுக்காதீங்கக்கா. வெட்டிக்கிட்டவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னும் டீச்சர் எழுதியிருக்காங்க. பொறுமை இல்லாதவங்களாம்."

படுத்திருந்தவளின் காது சிவந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யார் சொன்னாதான் கேப்பீங்க?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"டீச்சர் சொல்லட்டும், இப்பவே போய் ஆபரேஷன் டேபிள்ல ஏறிப் படுத்துக்கிறேன். சொல்ல மாட்டாங்க. வேணும்னா பாருங்க."

நர்ஸ் போனை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். "டீச்சர், வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு சொல்றாங்க. போகட்டுமா, வேணாமா?"

படுத்திருந்தவளும் பையைத் துழாவித் தன் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

"இதோ எழுதுறாங்க," என்றாள் திரையைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ எழுதுறதும் நிறுத்துறதுமா இருக்காங்க. எப்பவும் டக்குனு சொல்லிடுவாங்க."

இயந்திரம் நின்றது. பதிலும் வந்தது. நர்ஸ் உற்சாகமாகச் சத்தம் போட்டே வாசித்தாள்.

"போங்க சிஸ்டர். இப்ப நீங்க களிம்பு தடவினது என் வயித்துலதான்."