பட்டியலில் இல்லாத அச்சுப்பொறி

ஒன்பது ஆண்டுகளாக ஒரே மேசையில் இருந்த பழைய கணினி, ஒரு காலையில், "அச்சுப்பொறி காணப்படவில்லை" என்று திரையில் அறிவித்தது. அத்தனை ஆண்டுகளும் அதற்கு ஒரு சாண் தள்ளி அமர்ந்திருந்த அச்சுப்பொறி திகைத்தது.

"அண்ணே, இதோ இருக்கிறேனே!"

"பட்டியலில் இல்லையே," என்றது கணினி.

அச்சுப்பொறி சுட்டெலியிடம் திரும்பியது. "நான் இருக்கிறேனா, இல்லையா?"

"திரை சொல்வதைத்தான் நானும் நம்புவேன். இன்று நீ அச்சிடாவிட்டால் உனக்குக் காயலான் கடைதானாம். வேதவல்லி அம்மா சொல்லிவிட்டார்."

கணினிக்கு உரியவரான வேதவல்லி, கடைசி முயற்சியாக அதை அணைத்து மீண்டும் இயக்கினார். கண்விழித்த கணினி அச்சுப்பொறியை ஏற இறங்கப் பார்த்தது.

"புதிய சாதனம் வந்திருக்கிறதே! யாரப்பா நீ? எப்போது வந்தாய்?"

அச்சுப்பொறி காயலான் கடையை நினைத்துக்கொண்டது. பிறகு, "இன்றைக்குத்தான், ஐயா," என்று பணிவுடன் சொல்லிவிட்டுத் தாளை உள்ளிழுத்தது.