பொருந்தாத கையெழுத்து

ரிச்சர்ட்சன் டேகேரின் கவுன்ட்டர் திரை சிவப்பாக மாறியதும் வான்மதி எட்டிப் பார்த்தாள்.

“என்ன ஆன்ட்டி?”

“ரோஷினியைக் கூட்டிட்டுப் போறவங்க லிஸ்ட்ல உங்க பேரு இருக்கும்மா. ஆனா டிஜிட்டல் சிக்னேச்சர் மேட்ச் ஆகல,” என்றார் கவுன்ட்டரில் இருந்த அமீருன்னிசா.

“சர்வர் ப்ராப்ளமா இருக்கும். குழந்தைய அனுப்புங்க.”

“எப்படிம்மா? டேட்டா வெளிய ஒரு கம்பெனி சர்வர்ல கிடக்கு. ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா நாங்க சைன் பண்ணித்தான் அங்க அனுப்புவோம்; ஒரு பேரோட சைன் இன்னொரு பேருக்குப் பொருந்தாது. அங்க யாராச்சும் ஒரு எழுத்தை மாத்தினாலும் இங்க சிவப்பு காட்டிரும். எவனோ கை வெச்சிருக்கான்!”

வான்மதி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரோஷினி ஷூ மாட்டிக்கொண்டு, “மம்மி, ஐம் ரெடி!” என்று குதித்தாள்.

“உங்க ஹஸ்பண்டைக் கூப்பிடட்டா?”

“வேணாம்! அவர் மீட்டிங்ல இருப்பார்.”

“பாவம், இப்படி வேர்க்குதே! பயப்படாதீங்கம்மா. சிவப்பு வந்ததுமே போலீசுக்குத் தானா தகவல் போயிருச்சு. உங்க பிள்ளையத் தூக்கப் பார்த்தவன் தப்பிக்க முடியாது,” என்று அமீருன்னிசா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது.

வான்மதி பாட்டிலை வாங்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அடையாள அட்டையை அவசரமாகச் சட்டைக்குள் தள்ளினாள்.

அந்த சர்வர் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. கோர்ட் ரோஷினியை முன்னாள் கணவன் செழியனிடமே ஒப்படைத்துவிட்ட பிறகு, லிஸ்ட்டில் தன் பெயரை நுழைப்பது அவளுக்கு ஒரு நிமிட வேலையாக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும், செழியன் பெயருக்கு எதிரே இருந்ததையே எடுத்து ஒட்டியிருந்தாள்.