திறந்தே கிடந்த பக்கம்

ஒரு ஊரிலே, ஒரே மேசைமேலே, ஒரு புத்தகமும் ஒரு மின்னூல் கருவியும் இருந்தன. இரண்டுக்குள்ளும் ஒரே கதை. கண் மங்கிப்போன மாசிலாமணி, மகள் வீட்டுக்கே போய்விடக் கிளம்பினார். பையில் ஒன்றுக்குத்தான் இடம்.

“என்னைத்தான் எடுப்பார். முப்பது வருஷப் பழக்கம்” என்றது புத்தகம்.

“உங்க எழுத்து எறும்பு மாதிரி இருக்கே, அண்ணே! நான் பூசணிக்காய் அளவுக்குக் காட்டுவேன்” என்றது கருவி.

புத்தகம் அடங்கிப்போனது. “சரி தம்பி. கதையில தங்கச்சி சாகிற இடம் வந்தா, படிக்காம ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாரு. நான் திறந்தே கிடப்பேன். நீயும் கிடப்பியா?”

“கை படலேன்னா நான் தானா அணைஞ்சிடுவேனே, அண்ணே.”

மாசிலாமணி புத்தகத்தை ஒருமுறை தடவினார். கருவியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.